காந்தம் அசைந்த நாட்கள்

என் ஆசை அண்ணன் சுடலைமுத்துவுக்கு, உன் பேச்சி எழுதுவது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் பக்கம் நிலம் ஆடியது அண்ணே. நீ போய்ப் பத்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. இதை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் பேச்செடுத்தாலும் அவரவர் வீட்டுப் பாத்திரம் ஆடியதைச் சொல்கிறார்களே தவிர, நான் கேட்க நினைப்பதை ஒருவரும் கேட்பதில்லை. உன் காந்தக் கருவி என்ன காட்டியது?

நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் ஜன்னல் கம்பிகள் முனகின. லாரி ஏதோ போகிறது என்று நினைத்தேன். மேசையிலிருந்த சாக்பீஸ் உருண்டு விழுந்தது. சமையல் கொட்டகையிலிருந்து இசக்கியம்மா கத்தினாள்: "டீச்சர், அடுப்புல இருக்க சட்டி தானா ஆடுது டீச்சர்!"

அவ்வளவுதான். அஞ்சாறு நொடி இருக்குமோ என்னமோ. அதற்குள் நாற்பது பிள்ளைகளும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். சுபா என்கிற பிள்ளை நிலைப்படியில் விழுந்து தாடை கிழிந்துவிட்டது. மூன்று தையல். சுவர் விழவில்லை, ஓடு சரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தாடையில் ரத்தம் வடிகிறபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கையில் சாக்பீஸ்தூளோடு நின்று உன் கருவியை நினைத்துக்கொண்டிருந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி போகும் சாலையில், ஊர் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் உன் ஆய்வுக்கூடம். பூமியின் காந்தப்புலம் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது உன் வேலை. அளக்கிற அந்தச் சின்ன அறையில் ஆணி முதல் தாழ்ப்பாள் வரை பித்தளை. பொட்டு இரும்பு கிடையாது, இருந்தால் கருவி அசைந்துவிடும். உள்ளே போகுமுன் சாவி, செல்போன், பேனா, பெல்ட் எல்லாவற்றையும் தூரத்து மேசையில் வைத்துவிட்டுப் போவாய். ஒரு தடவை ஆசைப்பட்டு நானும் வந்தேன். "ஏட்டி, சேலையில ஊக்கு இருக்கா?" என்று கேட்டாய். இருந்தது, ஆறு ஊக்கு. கொண்டை ஊசி வேறு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சேலையை ஒரு கையால் பிடித்தபடி நான் உள்ளே நின்றதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அன்றுதான் முதல்முறையாக நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னாய். நிலத்துக்கடியில் பாறை நெரிபடும்போது சின்னதாக மின்சாரம் ஓடலாம், மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் கொஞ்சம் அசையலாம், நிலம் ஆடுவதற்குச் சில நாள் முன்னால் அந்த அசைவு தெரியலாம் என்று சொல்கிறார்கள் என்றாய்.

"அப்ப முன்கூட்டியே கண்டுபிடிச்சிரலாம்லா?" என்றேன்.

"நான் எத்தன 'லாம்' சொன்னேன் கேட்டியா? அந்த 'லாம்'தான் இதுல முக்கியம். நூறு பேர் தேடுதாங்க. நடந்த பெறகு பழைய பதிவ எடுத்துப் பாத்து, இந்தா இங்கன அசஞ்சிருக்குங்காங்க. நடக்கும் முன்ன சொன்னவன் ஒருத்தனையும் நான் பாக்கல."

இவ்வளவு தெளிவாக இருந்த நீ, நாலு வருஷம் முன்பு ஆடி மாதத்தில் அப்படி ஏன் செய்தாய்?

அன்று மதியம் சத்துணவு மணி அடிக்கிற நேரம். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, ஆழ்வார்திருநகரியில் இறங்கி, அங்கிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தே என் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாய். சட்டை முழுக்க வேர்வை. வாசலில் நின்றபடியே கூரையை ஒரு தடவை பார்த்தாய், பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தாய்.

"பேச்சி, பிள்ளைகள வெளிய கொண்டு போயிரு."

"எதுக்கு?"

"ரெண்டு நாளா கருவியில ஒரு அசைவு. சூரியப் புயல் வந்தாலும் அசையும், இப்ப அது ஒண்ணும் இல்ல. மத்த ஊர் ஆய்வுக்கூடத்துல எல்லாம் போன் போட்டுக் கேட்டுட்டேன். அங்க எங்கயும் இல்ல, இங்கன மட்டும்தான் இருக்கு. அப்படின்னா நமக்குக் கீழதான் ஏதோ நடக்குது."

"ஒங்க அதிகாரி என்ன சொல்லுதாரு?"

"பக்கத்துல எங்கயாவது இரும்பு கெடக்கும்வே, தேடிப் பாரும், அதுக்குள்ள யார்ட்டயும் வாயத் தொறக்காதேயும்னு சொல்லுதாரு. வேலியச் சுத்திப் பாத்துட்டேன்ட்டி. ஒண்ணும் இல்ல."

உன் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம் இல்லை அது. நீ இளவட்டமாக இருந்தபோது வடக்கே நிலநடுக்கத்தில் இடிந்த ஒரு ஊருக்குக் கருவி வைக்கப் போனவன். போய் வந்து பல மாதம் அதைப் பற்றி நீ பேசவில்லை. பிறகு ஒரு நாள் மதினியிடம் சொல்லியிருக்கிறாய்: கருவி வைக்க இரும்பில்லாத இடம் தேடித் தேடி நடந்தாயாம், எங்கே பார்த்தாலும் இடிந்த கட்டடத்துக் கம்பி. கடைசியில் கிடைத்த வெற்றிடம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானமாம். பள்ளிக்கூடம் இல்லை, மைதானம் மட்டும் இருந்ததாம்.

அதனால்தான் நான் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரை மருத மரத்தடிக்குப் போனேன். மூன்று நாள் அங்கேயே பாடம். ஆடிக்காற்றில் நோட்டுப் புத்தகம் பறந்தது, கண்ணெல்லாம் மண். முதல் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. இரண்டாம் நாள் பெற்றவர்கள் வந்து நின்றார்கள். டீக்கடை ஆறுமுகம் அண்ணாச்சிதான் நேராகக் கேட்டார்.

"என்ன டீச்சர், பூமி என்னைக்கு ஆடும்னு ஒங்க அண்ணாச்சி நாள் குறிச்சிட்டாராக்கும்? எத்தன மணிக்குன்னு சொன்னா நாங்களும் கடையச் சாத்திட்டு வந்துருவோம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. மூன்றாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. எந்த அதிகாரத்தில் மாணவர்களை வகுப்பறையிலிருந்து வெளியேற்றினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவேன்? அண்ணன் சொன்னான் என்றா?

அன்று சாயங்காலம் நீயே வந்தாய். பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போக நின்றுகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவில் போய் நின்றாய்.

"தப்பு எம்மேலதான். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால குளம் இருக்கு. குளத்துக்குள்ள வண்டல் அள்ள ஜேசிபி வந்திருக்கு. கரை மறைச்சதால எனக்குத் தெரியல. காத்து எரைச்சல்ல சத்தமும் கேக்கல. அது பக்கத்துல வாரப்பவும் போறப்பவும்தான் கருவி அசஞ்சிருக்கு. இன்னைக்குக் கரையேறிப் பாத்தேன். டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. என் பேச்சக் கேட்டதுதான் அவ செஞ்சது."

ஆறுமுகம் அண்ணாச்சி கூட அப்போது சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது, பூகம்ப டீச்சர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூட என் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லி, மேசையைப் பிடித்து ஆட்டுவார்கள். உன் ஆய்வுக்கூடத்திலும் உன்னை என்னவோ சொன்னார்கள் என்று மதினி சொன்னாள். என்னவென்று நீ கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் ஒரு வருஷம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. தீபாவளிக்கு நீ வந்தபோது அடுப்படியை விட்டு நான் வெளியே வரவில்லையே, நினைவிருக்கிறதா? அந்த ஒரு வருஷத்தைத் திருப்பித் தர யாராலாவது முடியுமா?

இப்போது உன் கடைசி நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்கே தெரியாத நாள் அது.

வியாழக்கிழமை காலை எட்டேகால் பஸ்ஸில் வேலைக்குப் போனாய். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாய். நடத்துநருக்கு உன்னைப் பழக்கம். தூங்குகிறாய் என்று நினைத்து, நீ இறங்கவேண்டிய இடம் வந்ததும் வந்து தோளைத் தொட்டிருக்கிறார். "சார், ஒங்க எடம் வந்துட்டு சார்." பிறகு வண்டியைத் திருப்பி, அத்தனை பயணிகளோடும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். ஒரு பயணி கூட இறங்குகிறேன் என்று சொல்லவில்லையாம். அந்த நடத்துநர் உன் பதினாறாம் நாளுக்கு வந்து ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனார்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே வேலைதான் அண்ணே. உன் கடைசி மாதத்தைத் தோண்டுவது. வகுப்பில் நிற்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மாவாட்டும்போது. நீ போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்தவன் இடது தோளைப் பிடித்துவிட்டாயே, அது அடையாளமா? நாலாவது இட்லியை வேண்டாம் என்று தள்ளினாயே? படி ஏறி வந்து பைய உட்கார்ந்து, "வாயு புடிச்சிருக்குட்டி, சுக்குத் தண்ணி இருந்தாக் குடு" என்றாயே? கொடுத்தேனே, கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனேனே! அன்றைக்கே உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்?

மதினியைப் போய்ப் போய்க் கேட்பேன். "அந்த வாரம் வேற என்ன சொன்னான்? தூங்குனானா?" ஒரு நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "நான் பக்கத்துலயே படுத்துக் கெடந்தவ. எனக்கே தெரியல. ஒனக்கு எங்கன இருந்து தெரியும்? என்ன விட்ரு, பேச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எழுந்து வந்துவிட்டேன். வந்தும் தேடுவதை விடவில்லை.

இந்த நிலையில்தான் நிலம் ஆடியது. மறுநாளே லீவு போட்டுவிட்டு உன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். என் மனசில் ஒரே எண்ணம்தான். நிலம் ஆடுவதற்கு முந்தைய நாட்களின் பதிவில் ஏதாவது இருக்கும். இருந்தால், நீ பைத்தியக்காரன் இல்லை. ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லுவேன். என்னைப் பூகம்ப டீச்சர் என்று சொன்ன ஒவ்வொரு வாயையும் அடைப்பேன்.

உன் இடத்துக்கு இப்போது ஜெயந்தி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பாளையங்கோட்டைக்காரி. நான் உன் தங்கை என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேட்டதை மறுக்காமல் கணினியில் பதிவை எடுத்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு துள்ளியிருந்தது அண்ணே! மூன்று நான்கு தடவை, மேலும் கீழும்.

நான் எழுந்தே விட்டேன். "இந்தா, பாத்தியாம்மா! ரெண்டு நாள் முன்ன! எங்க அண்ணன் சொன்னது இதத்தான்!"

ஜெயந்தி வேறு ஊர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே மதியம், அதே துள்ளல். "இது சூரியன்லேருந்து வந்தது அக்கா. நாடு முழுக்க இருக்கு." பிறகு போன மாதத்தைத் திறந்தாள், அதற்கு முந்தைய மாதத்தைத் திறந்தாள். அதே மாதிரித் துள்ளல்கள் இருந்தன. அந்த நாட்களில் எங்கேயும் ஒரு சட்டி கூட ஆடவில்லை.

"அப்ப ஒண்ணுமே இல்லையாம்மா?"

"நம்ம பதிவுல நான் பாத்தவரைக்கும் இல்லக்கா. ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு. இல்லவே இல்லன்னு சொல்லவும் எனக்குத் தகுதி கெடையாது."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. உன் மேல் வந்தது. அவள் அலமாரியைத் திறந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தாள். "சார் நோட்டு. ஆபீஸ் நோட்டு இல்ல, அவர் சொந்தமா வச்சிருந்தது. வீட்டுல குடுக்கணும்னு வச்சிருந்தேன்."

உன் கையெழுத்து. மருத மரத்தடியில் நான் மண் தின்ற அந்த ஆடி மாதத்திலிருந்து தொடங்கியிருந்தாய். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி. நாள், நேரம், காரணம். சூரியப் புயல். மின்னல். வேலிப் பக்கம் டிராக்டர். புதுக் காவலாளி பையில் அரிவாள். எல்லா வரியின் கடைசியிலும் ஒரே முடிவு, "பின்பு: ஒன்றும் நடக்கவில்லை." நீ போகும்வரை மூன்று வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறாய். ஊரும் ஆபீசும் சிரித்த பிறகு நீ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. ஆனால் உன் பக்கம் நியாயம் தேடி எழுதவுமில்லை. உனக்கு எதிராகவே எழுதிக்கொண்டு போயிருக்கிறாய்.

ஒன்பது வரிகளில் மட்டும் காரணம் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று இருந்தது. அந்த ஒன்பதுக்கும் கூட அதே முடிவுதான், ஒன்றும் நடக்கவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் நீ உனக்கே எழுதிக்கொண்டது இது: "நடந்த பிறகு தேடினால் எதிலும் அடையாளம் கிடைக்கும். அடையாளம் வந்தும் ஒன்றும் நடக்காத நாட்களையும் எண்ணு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கருங்குளம் தாண்டும்போது எனக்கு ஒன்று உறைத்தது. நீ தோளைப் பிடித்துவிடுவது எத்தனை வருஷத்துப் பழக்கம்? கல்லூரிக்குப் போகிற காலத்திலேயே நீ இடது தோளைத்தானே பிடித்துவிடுவாய். இட்லி வேண்டாம் என்று எத்தனை நாள் தள்ளியிருக்கிறாய்? என் வீட்டுக்கு வந்து சுக்குத் தண்ணீர் கேட்காத மாதம் உண்டா? அந்த நாட்களில் எல்லாம் நீ எழுந்து, செருப்பை மாட்டி, பஸ் ஏறிப் போய்விட்டாய். ஒன்றும் நடக்கவில்லை. அதையெல்லாம் நான் ஒரு தடவை கூட எண்ணவில்லை அண்ணே.

இதனால் என் மனசு அமைதியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இல்லை. இப்போதும் எழுந்து எழுந்து நடக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோள், காரணம் தெரியாத உன் ஒன்பதில் ஒன்றா என்று கேட்கிறேன். யார் பதில் சொல்வது? ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மதினியிடம் போய் இனி உன் கடைசி வாரத்தைக் கேட்பதில்லை. போன சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் இருதயப் பரிசோதனை செய்துவிட்டு, இரண்டு பேரும் அல்வா வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் கேள். வடக்கு ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். புதுசா, பழசா என்று சொல்ல முடியவில்லை. பெற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "அடுத்தது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வருமான்னும் தெரியாது. எங்க அண்ணனுக்கும் தெரியாது. அதனாலதான் சொல்லுதேன், இந்தச் சுவர நம்பிப் பிள்ளைகள உள்ள வைக்க முடியாது. புதுக் கட்டடம் வேணும்னு மனு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் சமுதாயக் கூடத்துல வகுப்பு நடத்த அனுமதி கேட்டிருக்கேன்." இந்தத் தடவை எழுத்தில் கேட்டேன், முறைப்படி.

ஆறுமுகம் அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார். சுபா அவர் மகன் வயிற்றுப் பேத்தி. "எங்கன கையெழுத்துப் போடணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். போட்டுவிட்டு, "ஒங்க அண்ணாச்சி இருந்திருந்தா நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்" என்றார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அது உனக்குரியது.

அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து சமுதாயக் கூடத்தில் இருக்கிறோம். இரண்டு வாசல். எந்த வரிசை எந்த வாசலில் போகவேண்டும் என்று தினமும் ஒரு தடவை பழக்குகிறேன். ஆட்டம் இருக்கும்வரை பெஞ்சுக்கடியில் தலையை மறைத்து உட்காரவேண்டும், நின்றபிறகு வரிசையாக வெளியேறவேண்டும், ஒருத்தரை ஒருத்தர் தள்ளக்கூடாது. நேற்று பழகி முடித்து வெயிலில் நிற்கும்போது, சுபா தாடைப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், பூகம்பம் வரப்போறது முன்னாடியே நமக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா பயமா இருக்காதா டீச்சர்?"

"இருக்கும். பயந்துக்கிட்டே வரிசையா வெளிய போவோம்."

அவள் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணே. தெரியாததைத் தெரியும் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டேன். தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் ஆபத்தான சுவருக்குக் கீழே உட்காரவைக்கவும் மாட்டேன். நான் இருக்கும்வரை இரண்டையும் காப்பாற்றுவேன்.

உன் பேச்சைக் கேட்டு மூன்று நாள் மண் தின்றவள்,
இன்னொரு தடவை நீ வந்து சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிட்டு எழுந்து வருகிறவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பேச்சியம்மாள்